வாக்குச்சீட்டும் யுத்தமும் – 11: கன்னத்தில் ஒரு முத்தம்

2005 பிப்ரவரி 2 இரவு. அமெரிக்க நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் ஒன்றாகக் கூடியிருந்தன. அதிபர் ஜார்ஜ் புஷ் தன் ஆண்டு உரையை முடித்துவிட்டு, இருபுறமும் நின்றவர்களிடம் கைகுலுக்கியபடி வெளியேறிக்கொண்டிருந்தார். கனெக்டிகட் மாநில செனட்டர் ஜோ லீபர்மன் நின்ற இடம் வந்ததும், அவருடைய தலையைப் பற்றி அருகே இழுத்தார். புஷ்ஷின் முகம் லீபர்மனின் கன்னத்தோடு ஒட்டியது. அது முத்தமே அல்ல, அணைத்துக்கொண்டு நன்றி சொன்னார், அவ்வளவுதான் என்று லீபர்மன் பின்னாளில் விளக்கம் சொல்லிப் பார்த்தார். கேமராக்கள் பதிவு செய்தது வேறு மாதிரி தெரிந்தது. குடியரசுக் கட்சி அதிபர் ஒருவர், எதிர்க்கட்சியான ஜனநாயகக் கட்சியின் மூத்த செனட்டருக்குக் கொடுத்த முத்தமாகவே நாடு அதைப் பார்த்தது. ஈராக் போர் தொடங்கி அப்போது இரண்டு ஆண்டுகள்கூட ஆகவில்லை.

1968இல் நியூ ஹாம்ப்ஷயர் பனியில் யூஜின் மெக்கார்த்தி ஓர் அதிபரையே எதிர்த்து நின்ற கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். இந்த வாரக் கதையில் பதவி சிறியது, மாநிலமும் சிறியது. ஆனால் சாதாரண கட்சி உறுப்பினர்கள், ஒரு போருக்காகத் தங்கள் சொந்தக் கட்சித் தலைவரிடமே கணக்குக் கேட்ட நிகழ்வு என்ற வகையில், அமெரிக்க வரலாற்றில் இதற்கு இணையாகச் சொல்ல அதிகம் இல்லை.

கட்சித் தலைமை வேட்பாளர் பட்டியலை அறிவிக்கும் வழக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு அங்குள்ள முறை சற்றுப் புதிதாகத் தோன்றும். கனெக்டிகட் போன்ற மாநிலங்களில் ஒரு கட்சியின் வேட்பாளர் யார் என்பதை, அந்தக் கட்சியில் பதிவு செய்துகொண்ட வாக்காளர்கள் வாக்களித்து முடிவு செய்கிறார்கள். அந்தத் தேர்தலை நடத்துவது அரசு. அதற்குப் பெயர் பிரைமரி. பதவியில் இருக்கும் செனட்டரை எதிர்த்தும் அவருடைய கட்சிக்காரரே பிரைமரியில் நிற்கலாம். நிற்கலாமே தவிர, வெல்வது அபூர்வம். பணம், தொடர்புகள், தொழிற்சங்கங்கள், மாவட்டத் தலைவர்கள் எல்லோரும் பதவியில் இருப்பவர் பக்கம்தான் நிற்பார்கள். கனெக்டிகட்டில் இன்னொரு மதிலும் இருந்தது. அமெரிக்க மாநிலங்களில் கடைசியாக, 1955இல்தான் அது பிரைமரி முறையை ஏற்றது. ஏற்றபோதும், கட்சி மாநாட்டில் குறிப்பிட்ட சதவீதப் பேராளர்களின் ஆதரவைப் பெற்றவர்தான் பிரைமரிக்குள் நுழையலாம் என்று ஒரு வாசற்படி வைத்துக்கொண்டது. அந்த ஏற்பாட்டைக் கட்டிக்காத்தவர் ஜான் பெய்லி. பல பத்தாண்டுகள் அந்த மாநிலத்து ஜனநாயகக் கட்சியை விரலசைவில் நடத்தியவர்.

பெய்லியைப் பற்றி 1966இல் ஒரு புத்தகம் வந்தது. எழுதியவர் யேல் பல்கலைக்கழகத்தில் படித்த ஓர் இளைஞர். பெயர் ஜோ லீபர்மன்.

2006இல் நடந்ததைப் புரிந்துகொள்ள 1970க்குப் போக வேண்டும். அந்த ஆண்டு கனெக்டிகட்டின் செனட்டர் தாமஸ் டாட். தேர்தல் நிதியைச் சொந்தச் செலவுக்கு எடுத்துக்கொண்டதற்காக 1967இல் செனட் அவை 92க்கு 5 என்ற வாக்கில் கண்டித்த மனிதர். வியட்நாம் போரின் உறுதியான ஆதரவாளரும்கூட. அவருடைய இடத்துக்கு ஜோசப் டஃபி என்ற பாதிரியார் போட்டியிட்டார். போர் எதிர்ப்பாளர், மெக்கார்த்தியின் 1968 பிரசாரத்தில் உழைத்தவர். கட்சி மாநாடு வேறொருவரைத்தான் ஆதரித்தது. ஆனாலும் பிரைமரியில் டஃபி வென்றார். அவருடைய பிரசாரத்தை நடத்தியவர் ஆன் வெக்ஸ்லர். ஹாலிவுட் நடிகர் பால் நியூமன் ஊர் ஊராகப் போய் வாக்குக் கேட்டார். யேல் சட்டக் கல்லூரியில் அப்போதுதான் சேர்ந்திருந்த பில் கிளின்டன் நியூ ஹேவன் வட்டாரத்தில் தொண்டராக வேலை செய்தார்.

தாமஸ் டாட் ஒதுங்கிக்கொள்ளவில்லை. நவம்பர் தேர்தலில் சுயேச்சையாக நின்றார். ஜனநாயகக் கட்சி வாக்குகள் இரண்டாகப் பிளந்தன. குடியரசுக் கட்சியின் லோவெல் வைக்கர் சுமார் 42 சதவீத வாக்குகளோடு வென்றார். டஃபிக்குக் கிடைத்தது 34 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. டாட் கிட்டத்தட்ட 25 சதவீதம் எடுத்தார். பிரைமரியில் வென்ற போர் எதிர்ப்பாளரை, கட்சிக்குள்ளிருந்து வந்த சுயேச்சை ஒருவர் நவம்பரில் வீழ்த்தலாம் என்பதை அந்த மாநிலம் அன்றைக்கே பார்த்துவிட்டது.

அதே 1970 பிரைமரியில் இன்னொரு சிறிய போட்டியும் நடந்தது. மாநில மேலவைக்கான நியூ ஹேவன் இடத்தில், கட்சியின் அவைத் தலைவராக இருந்த எட்வர்ட் மார்கஸை எதிர்த்து இருபத்தெட்டு வயது வழக்கறிஞர் ஒருவர் நின்றார். மார்கஸ் அந்த ஆண்டு அமெரிக்க செனட் இடத்துக்கான பிரைமரியிலும் டஃபியோடு மோதிக்கொண்டிருந்தார். இரண்டு தோணியில் கால் வைத்தவர் இரண்டிலும் விழுந்தார். அவரைக் குறைந்த வாக்குகளில் தோற்கடித்த இளைஞர் ஜோ லீபர்மன். யேல் மாணவர்கள் வீடு வீடாக ஏறி இறங்கி அவருக்காக வேலை செய்தார்கள். கிளின்டனும் அவர்களில் ஒருவர். பதவியில் இருக்கும் பெரிய மனிதரைக் கட்சித் தேர்தலில் வீழ்த்தித்தான் லீபர்மனின் அரசியல் வாழ்க்கை தொடங்கியது. அவரைப் பற்றி எழுதுபவர்கள் இதை ஒரு வரியில் கடந்துபோய்விடுகிறார்கள். எனக்கு இது மையமான செய்தியாகவே படுகிறது. பிரைமரி எதற்காக இருக்கிறது என்பது அவருக்குத் தெரியாத ஒன்றல்ல.

அவரைக் கெட்டவராகத் தீட்டிவிட்டுப் போவது நியாயமும் அல்ல. 1963இல், கறுப்பின மக்களுக்கு வாக்குரிமை மறுக்கப்பட்ட மிசிசிப்பிக்குப் போய் வேலை செய்த யேல் மாணவர்களில் அவரும் ஒருவர். அந்த நாள்களில் அது உயிருக்கு ஆபத்தான வேலை. மாநில அட்டர்னி ஜெனரலாக இருந்தபோது நுகர்வோருக்காக வாதாடிப் பெயரெடுத்தார். சுற்றுச்சூழல், கருக்கலைப்பு உரிமை, தொழிலாளர் நலன் ஆகியவற்றில் பெரும்பாலும் கட்சியோடுதான் வாக்களித்தார். ஆனால் வெளியுறவில் அவர் மனம் வேறு பக்கம் சாய்ந்தது. 1988இல் அவர் வைக்கரைத் தோற்கடித்தபோது அந்தத் தாராளவாதக் குடியரசுக் கட்சிக்காரரை வலப்புறமிருந்துதான் தாக்கினார். பழமைவாதிகளின் தலைமை எழுத்தாளர் வில்லியம் பக்லியே லீபர்மனை ஆதரித்தார். வெற்றி வித்தியாசம் சுமார் பத்தாயிரம் வாக்குகள். 1991 வளைகுடாப் போருக்கு செனட்டில் ஆதரவளித்த ஜனநாயகக் கட்சியினர் பத்துப் பேர். அவர்களில் ஒருவர் லீபர்மன்.

2000இல் அல் கோருடன் துணை அதிபர் வேட்பாளரானார். ஒரு பெரிய கட்சியின் சார்பில் அந்த இடத்துக்கு நின்ற முதல் யூதர் அவர். அப்போதும் தன் செனட் இடத்துக்கான போட்டியிலிருந்து விலகாமல் இரண்டுக்கும் நின்றார். துணை அதிபராகியிருந்தால், காலியாகும் செனட் இடத்துக்குக் குடியரசுக் கட்சி ஆளுநர் தன் ஆளை நியமித்திருப்பார். கட்சிக்காரர்கள் முணுமுணுத்தார்கள். மார்கஸின் பழைய தோணிகள் யாருக்காவது நினைவுக்கு வந்திருக்கும்.

2002 அக்டோபரில் ஈராக் மீது படையெடுக்கும் அதிகாரத்தை அதிபருக்கு வழங்கும் தீர்மானம் செனட்டுக்கு வந்தது. 77 பேர் ஆதரித்தார்கள், 23 பேர் எதிர்த்தார்கள். ஜனநாயகக் கட்சியின் 50 பேரில் 29 பேர் ஆதரித்தார்கள். ஹிலாரி கிளின்டன், ஜான் கெர்ரி, ஜோ பைடன் எல்லோரும் அதில் அடக்கம். ஆகவே லீபர்மனின் குற்றம் அந்த ஒரு வாக்கு அல்ல. மற்றவர்கள் கையை உயர்த்தினார்கள் என்றால், அவர் தீர்மானத்தை முன்மொழிந்தவர்களில் ஒருவர். போருக்குக் காரணமாகச் சொல்லப்பட்ட பேரழிவு ஆயுதங்கள் ஈராக்கில் இல்லை என்று தெரிந்த பிறகு மற்றவர்கள் தடுமாறினார்கள், விளக்கினார்கள், சிலர் வருந்தினார்கள். அவர் மட்டும் அசையவில்லை.

2005 நவம்பரில் பென்சில்வேனியாவின் ஜனநாயகக் கட்சிக் கீழவை உறுப்பினர் ஜான் முர்தா படைகளைத் திரும்பப் பெற வேண்டும் என்று அறிவித்தார். முன்னாள் மரைன் படைவீரர், ராணுவத்தின் நெருங்கிய நண்பர், போருக்கு ஆதரவாக வாக்களித்தவர். அவர் வாயிலிருந்து வந்த சொல் நாட்டை உலுக்கியது. பன்னிரண்டு நாள்கள் கழித்து, நவம்பர் 29 அன்று, வால் ஸ்ட்ரீட் ஜர்னலில் லீபர்மன் கட்டுரை எழுதினார். ஈராக்குக்குப் போய்த் திரும்பியிருந்தார். உண்மையான முன்னேற்றத்தைக் கண்டதாகவும் படைகள் அங்கேயே இருக்க வேண்டும் என்றும் எழுதினார். மறுநாளே புஷ் தன் உரையில் அவரைச் சாட்சிக்கு அழைத்தார். அடுத்த வாரம் லீபர்மன் இன்னும் ஒரு படி மேலே போனார். புஷ்ஷை நம்பாத தன் கட்சியினர், இன்னும் மூன்று ஆண்டுகளுக்கு அவர்தான் படைகளின் தலைவர் என்பதை ஏற்றுக்கொள்ள வேண்டும்; போர்க்காலத்தில் அதிபரின் நம்பகத்தன்மையைக் குலைப்பது நாட்டுக்கு ஆபத்து என்ற பொருளில் பேசினார்.

இந்தப் பேச்சுத்தான் விதை. ஒரு போரை ஆதரிப்பது வேறு. அதைக் கேள்வி கேட்பவர்களைப் பார்த்து வாயை மூடச் சொல்வது வேறு. கனெக்டிகட்டின் ஜனநாயகக் கட்சி உறுப்பினர்கள் பலர் முன்னதைச் சகித்திருப்பார்கள். பின்னதைத் தங்கள் முகத்துக்கு நேரே சொன்னதாகவே எடுத்துக்கொண்டார்கள்.

முதலில் குரல் கொடுத்தவர் பதினேழு ஆண்டுகளுக்கு முன் தோற்ற அதே வைக்கர். போர் விஷயத்தில் லீபர்மனை யாரும் எதிர்க்கவில்லையென்றால் தானே நிற்க வேண்டிவரும் என்றார். அப்போது முன்வந்தவர் நெட் லமான்ட்.

போராட்டக்காரர் என்றதும் நம் மனதில் எழும் உருவத்துக்கும் லமான்ட்டுக்கும் தொடர்பே இல்லை. அவருடைய கொள்ளுத்தாத்தா தாமஸ் லமான்ட், ஜே.பி. மார்கன் வங்கியின் பங்குதாரராக உலகப் பொருளாதாரத்தையே அசைத்தவர். அதே குடும்பத்தில் கார்லிஸ் லமான்ட் என்ற சோஷலிசச் சிந்தனையாளரும் உண்டு. நெட், ஹார்வர்டில் படித்தவர். கல்லூரி வளாகங்களுக்கு கேபிள் டிவி இணைப்புக் கொடுக்கும் நிறுவனத்தை நடத்தினார். பணக்காரர்கள் வாழும் கிரீனிச் நகரில் உள்ளாட்சிப் பதவி ஒன்றில் இருந்திருக்கிறார். 1990இல் மாநில மேலவைக்கு நின்று தோற்றிருக்கிறார். அவ்வளவுதான் அரசியல் அனுபவம். பிரிட்ஜ்போர்ட்டில் அரசுப் பள்ளி ஒன்றில் தன்னார்வலராக வகுப்பெடுத்தவர். மெதுவாகப் பேசுவார், சிரிப்பார், மேடையில் முழங்கத் தெரியாது. 2006 மார்ச் 13 அன்று ஹார்ட்ஃபோர்ட்டின் பழைய அரசு மாளிகையில் போட்டியை அறிவித்தார். கனெக்டிகட் குடிமக்கள் செயல் குழுவின் டாம் ஸ்வான் பிரசாரத்தை நடத்த வந்தார். மினசோட்டாவில் 1990இல் பால் வெல்ஸ்டோனை செனட்டுக்கு அனுப்பிய விளம்பரங்களைச் செய்த பில் ஹில்ஸ்மன், தொலைக்காட்சி விளம்பரங்களை எடுத்துக் கொடுத்தார்.

பணம் இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. சொந்தப் பணத்தைப் போட முடிந்த போர் எதிர்ப்பாளர் என்பதால்தான் லமான்ட்டின் குரல் கேட்டது. பக்கத்து மாநிலத்தில் அதே ஆண்டு நடந்ததை இதோடு வைத்துப் பாருங்கள். நியூயார்க்கில் ஹிலாரி கிளின்டனை எதிர்த்து ஜோனதன் டசினி நின்றார். எழுத்தாளர் சங்கத்தின் முன்னாள் தலைவர். சுதந்திர எழுத்தாளர்களின் பதிப்புரிமைக்காக நியூயார்க் டைம்ஸ் மீது வழக்குத் தொடுத்து, 2001இல் உச்ச நீதிமன்றத்தில் வென்றவர். ஈராக் விஷயத்தில் லமான்ட்டைவிடக் கூர்மையாகப் பேசினார். ஆனால் விவாதம் நடத்தவிருந்த தொலைக்காட்சி நிலையம், ஐந்து லட்சம் டாலர் திரட்டிச் செலவிடாத வேட்பாளரை மேடையேற்ற மாட்டோம் என்று சொல்லிவிட்டது. கருத்துக்கணிப்பில் அவர்கள் கேட்ட சதவீதத்தைத் தாண்டியிருந்தும் பயனில்லை. செப்டம்பரில் நடந்த பிரைமரியில் அவருக்குக் கிடைத்தது சுமார் 17 சதவீதம். போரைப் பற்றிக் கேள்வி கேட்கவே ஒரு குடிமகன் முதலில் ஐந்து லட்சம் டாலர் காட்ட வேண்டும் என்ற நிலை ஒரு ஜனநாயகத்துக்கு அவமானம். இதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை.

மே மாதம் கட்சி மாநாடு கூடியது. பேராளர்களில் 15 சதவீதம் கிடைத்தால் லமான்ட் உள்ளே நுழையலாம். மூன்றில் ஒரு பங்கு கிடைத்தது. மாநாட்டின் அதிகாரபூர்வ ஆதரவு லீபர்மனுக்குத்தான். ஆனால் பெய்லி காலத்து வாசற்படி தாண்டப்பட்டுவிட்டது.

மாநிலத்தின் குவினிபியாக் பல்கலைக்கழகம் எடுத்த கருத்துக்கணிப்புகளை வரிசையாக வைத்தால் அந்தக் கோடை என்னவாக இருந்தது என்று புரியும். மே தொடக்கத்தில் லீபர்மன் 65, லமான்ட் 19. ஜூனில் 55க்கு 40. ஜூலையில் லமான்ட் 51, லீபர்மன் 47. ஈராக்கில் சமாரா நகரின் பொற்கூரை மசூதி பிப்ரவரியில் தகர்க்கப்பட்டதிலிருந்து ஷியா – சன்னி வெட்டுக்குத்து பாக்தாத்தின் தெருக்களை நிரப்பிக்கொண்டிருந்தது. ஜூலை மாதம் மட்டும் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பொதுமக்கள் கொல்லப்பட்டார்கள். இறந்த அமெரிக்க வீரர்களின் எண்ணிக்கை ஜூனிலேயே 2,500ஐத் தொட்டிருந்தது. ஜூன் 22 அன்று செனட்டில் இரண்டு திருத்தங்கள் வாக்கெடுப்புக்கு வந்தன. 2007 ஜூலைக்குள் படைகளைத் திரும்பப் பெற வேண்டும் என்ற கெர்ரி – ஃபைன்கோல்ட் திருத்தத்துக்கு விழுந்தவை 13 வாக்குகள். முடிக்கும் தேதி குறிக்காமல் படிப்படியாகத் திரும்பத் தொடங்கலாம் என்ற மிதமான திருத்தத்துக்கு 39. இந்த மிதமானதையும் எதிர்த்த ஆறு ஜனநாயகக் கட்சியினரில் லீபர்மன் ஒருவர். இந்த எண்களை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

புஷ்ஷும் லீபர்மனும் முத்தமிடும் பெரிய காகிதக்கூழ் பொம்மைகளைச் செய்து வண்டியில் ஏற்றி, லீபர்மன் போகும் ஊர்களுக்கெல்லாம் பின்னாலேயே ஓட்டிச் சென்றார்கள் போர் எதிர்ப்பாளர்கள். பொத்தான்களிலும் அதே படம். 1970இல் டஃபிக்காக அலைந்த பால் நியூமன், எண்பதைத் தாண்டிய வயதில், லமான்ட்டை ஆதரித்தார்.

கட்சித் தலைமை வேறு வழியில் போனது. மார்ச் மாதம் ஹார்ட்ஃபோர்ட்டில் நடந்த கட்சி விருந்தில், தொடக்கத்திலிருந்தே போரை எதிர்த்த இல்லினாய் செனட்டர் பராக் ஒபாமா, லீபர்மனை மறுபடி அனுப்பும்படி கேட்டுக்கொண்டார். போருக்கு எதிராக வாக்களித்த கலிஃபோர்னியாவின் பார்பரா பாக்ஸர் பறந்து வந்து லீபர்மனுக்குப் பிரசாரம் செய்தார். தாமஸ் டாட்டின் மகன் கிறிஸ் டாட், மாநிலத்தின் இன்னொரு செனட்டர், லீபர்மன் பக்கம் நின்றார். ஜூலை 24 அன்று வாட்டர்பரியின் பேலஸ் தியேட்டரில் பில் கிளின்டனே மேடையேறினார். செனட் ஒரு சங்கம் மாதிரி; உள்ளே இருப்பவரை உள்ளே இருப்பவர்கள் காப்பாற்றுவார்கள். போரைப் பற்றிய சொந்தக் கருத்தைவிட அந்தத் தோழமை வலுவாக இருந்தது.

இந்த மாநிலத்தின் பொருளாதாரத்தையும் மறக்கக் கூடாது. குரோட்டனில் அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல் கட்டும் எலக்ட்ரிக் போட், ஸ்ட்ராட்ஃபோர்டில் ஹெலிகாப்டர் செய்யும் சிகோர்ஸ்கி, கிழக்கு ஹார்ட்ஃபோர்டில் போர் விமான எஞ்சின் செய்யும் பிராட் அண்ட் விட்னி. 2005இல் குரோட்டன் கடற்படைத் தளத்தை மூட பென்டகன் முனைந்தபோது அதைத் தடுக்கப் போராடியவர்களில் லீபர்மன் முன்னின்றார். நாகட்டக் பள்ளத்தாக்கின் பழைய ஆலை ஊர்களில் தொழிற்சங்கக் குடும்பங்கள் அவரை விடவில்லை. ஆயுதம் செய்து வாழும் மாநிலத்தில்தான் போருக்கு எதிரான இந்த வாக்கு திரண்டது என்பது அதன் எடையைக் கூட்டுகிறது.

ஜூலை 3 அன்று லீபர்மன் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். பிரைமரியில் தோற்றால் சுயேச்சையாக நிற்பதற்காக இப்போதே கையெழுத்துத் திரட்டப் போவதாகச் சொன்னார். 7,500 கையெழுத்துகள் தேவை. பிரைமரிக்கு மறுநாளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். கட்சித் தேர்தலில் தோற்றவர் அதே பதவிக்கு மறுபடி நிற்கக் கூடாது என்று பல மாநிலங்களில் சட்டம் உண்டு. கனெக்டிகட்டில் இல்லை. சட்டப்படி அவர் செய்தது சரி. ஆனால் வாக்குப் பதிவுக்கு ஐந்து வாரம் இருக்கும்போதே, உங்கள் தீர்ப்பு எனக்குப் பிடித்தால்தான் ஏற்பேன் என்று தன் கட்சியின் உறுப்பினர்களிடம் சொல்வது, அந்தத் தீர்ப்பையே மதிக்காத செயல். 1970இல் அவரை அரசியலுக்குள் கொண்டுவந்ததே அப்படியொரு தீர்ப்புத்தான்.

ஆகஸ்ட் 8. கோடை விடுமுறைக் காலம், வாக்காளர்கள் வர மாட்டார்கள் என்ற கணிப்புப் பொய்த்தது. கட்சியில் பதிவானவர்களில் நாற்பது சதவீதத்துக்கும் மேல் வந்தார்கள். எந்தக் கட்சியிலும் சேராமல் இருந்த ஆயிரக்கணக்கானோர் இந்த ஒரு வாக்குக்காகவே ஜனநாயகக் கட்சியில் பதிந்துகொண்டு வந்தார்கள். லமான்ட் 146,404, லீபர்மன் 136,490. ஏறத்தாழ 52க்கு 48. லீபர்மனை 1988இல் செனட்டுக்கு அனுப்பியதும் சுமார் பத்தாயிரம் வாக்குகள், அவர் கட்சி அவரை இறக்கியதும் சுமார் பத்தாயிரம் வாக்குகள். ஆறு ஆண்டுகளுக்கு முன் துணை அதிபராக முன்னிறுத்திய மனிதரை, ஒரு போரை முன்வைத்துக் கட்சி உறுப்பினர்கள் நிராகரித்திருந்தார்கள். மெரிடன் நகரில் லமான்ட்டின் ஆதரவாளர்கள் கொண்டாடிக்கொண்டிருந்தபோது ஹார்ட்ஃபோர்ட்டில் லீபர்மன், இந்த முடிவை இப்படியே விட முடியாது என்று அறிவித்தார். மறுநாள் கையெழுத்துகள் தாக்கலாயின. தன் பெயரையே வைத்து ஒரு கட்சிப் பெயரும் பதிவானது.

துணை அதிபர் டிக் சேனி, இந்த முடிவு அல் கய்தா போன்றவர்களுக்குத் தெம்பு கொடுக்கும் என்ற தொனியில் பேசினார். ஆகஸ்ட் 10 அன்று பிரிட்டனில் விமானங்களைத் தகர்க்கும் சதி அம்பலமானதும் லீபர்மனும் அதே பாதையில் போனார். லமான்ட் சொல்வதுபோல் படைகளைத் திரும்பப் பெற்றால் அது அந்தச் சதிகாரர்களுக்கே வெற்றியாகும் என்றார். தன் கட்சியின் வேட்பாளரைப் பற்றி, அந்தக் கட்சியிலேயே பதினெட்டு ஆண்டுகள் செனட்டராக இருந்தவர் பேசிய பேச்சு இது.

பிரைமரிக்குப் பிறகு கட்சித் தலைவர்கள் முறைப்படி லமான்ட் பக்கம் வந்தார்கள். ஒபாமா வந்தார், கிறிஸ் டாட் வந்தார். பலருக்கு அது கடமைக்கு வந்த ஆதரவு. செனட்டில் பெரும்பான்மை ஒன்றிரண்டு இடங்களில் தொங்கப்போகிறது. நாளை லீபர்மனின் வாக்குத் தேவைப்படலாம் என்ற கணக்கு எல்லோர் மனதிலும் ஓடியது. லமான்ட்டின் பிரசாரமும் வெற்றிக்குப் பிந்தைய வாரங்களில் தளர்ந்தது. குடியரசுக் கட்சியின் வேட்பாளர் ஆலன் ஷ்லெசிங்கர், வலுவில்லாதவர். வெள்ளை மாளிகையே அவரை ஆதரிக்க மறுத்துவிட்டது. அந்தக் கட்சியின் வாக்குகளில் பெரும்பகுதி லீபர்மனிடம் போய்ச் சேர்ந்தது. இலையுதிர் காலத்தில் லீபர்மனின் பேச்சு மாறியதையும் பதிவு செய்ய வேண்டும். இந்தப் போர் முடிய வேண்டும் என்று தன்னைவிட விரும்புபவர் யாருமில்லை என்று அப்போது சொல்லத் தொடங்கியிருந்தார்.

நவம்பர் 7: லீபர்மன் சுமார் 50 சதவீதம், லமான்ட் 40, ஷ்லெசிங்கர் 10. குடியரசுக் கட்சி வாக்காளர்களில் ஏறத்தாழ எழுபது சதவீதம் பேர் லீபர்மனுக்கு வாக்களித்ததாகக் கணிப்புகள் காட்டின. 1970இன் டஃபி கதை திரும்பியது; இந்த முறை வென்றது சுயேச்சையே. ஆனால் அதே நாளில் அதே மாநிலத்தில் போர் அலை வேறு இடங்களில் அடித்தது. கீழவையில் 24 ஆண்டுகள் இருந்த குடியரசுக் கட்சியின் நான்சி ஜான்சன் தோற்றார். நீர்மூழ்கிக் கப்பல் கட்டும் கிழக்குத் தொகுதியிலேயே ஜனநாயகக் கட்சியின் ஜோ கோர்ட்னி 83 வாக்குகளில் வென்றார். நாடு முழுவதும் இரு அவைகளும் ஜனநாயகக் கட்சியின் கைக்கு வந்தன. மறுநாளே பாதுகாப்பு அமைச்சர் ரம்ஸ்ஃபெல்ட் விலகும் அறிவிப்பு வெளியானது.

செனட்டில் 51க்கு 49. அந்த 51இல் ஒருவர் லீபர்மன். எனவே அவருக்கு உள்நாட்டுப் பாதுகாப்புக் குழுவின் தலைமை கிடைத்தது. 2008இல் குடியரசுக் கட்சி மாநாட்டு மேடையில் ஜான் மெக்கெய்னுக்காகவும் ஒபாமாவுக்கு எதிராகவும் பேசினார். ஒபாமா வென்ற பிறகும் அந்தத் தலைமைப் பதவியைப் பறிக்க வேண்டாம் என்று 42க்கு 13 என்று கட்சி முடிவெடுத்தது. அடுத்த ஆண்டு மருத்துவக் காப்பீட்டு மசோதாவுக்கு 60 வாக்குகள் தேவைப்பட்டபோது, அரசுக் காப்பீட்டுத் திட்டத்தை நீக்கினால்தான் தன் வாக்கு என்று நின்று நீக்க வைத்தார். ராணுவத்தில் ஓரினச்சேர்க்கையாளர்கள் மறைந்து வாழ வேண்டியிருந்த சட்டத்தை 2010இல் ஒழிக்க முன்னின்று உழைத்ததும் அவரே. 2013இல் ஓய்வு பெற்று, 2024 மார்ச்சில் காலமானார். லமான்ட் 2018 தேர்தலில் வென்று கனெக்டிகட்டின் ஆளுநரானார்.

தோற்ற அந்தப் போட்டி எதைச் சாதித்தது? ஜூன் மாத எண்களுக்குத் திரும்புவோம். எல்லா மாற்றத்துக்கும் லமான்ட்தான் காரணம் என்று சொல்ல முடியாது. ஈராக்கின் நிலவரமும் நவம்பர் முடிவும் சேர்ந்தே கட்சியை நகர்த்தின. ஆனால் போரை எதிர்த்தால் தோற்போம் என்று அஞ்சியிருந்த செனட்டர்களுக்கு, போரை ஆதரித்தாலும் இடம் போகலாம் என்று ஆகஸ்ட் 8 முதல்முறையாகக் காட்டியது. கருத்துக்கணிப்புகள் திரும்பிய அதே வாரங்களில்தான், ஆகஸ்ட் 3 அன்று, ஹிலாரி கிளின்டன் ரம்ஸ்ஃபெல்ட் பதவி விலக வேண்டும் என்று வெளிப்படையாகக் கேட்டார். திரும்பும் தேதிக்கு 2006 ஜூனில் கிடைத்தவை 13 வாக்குகள். பத்து மாதம் கழித்து, 2007 ஏப்ரல் 26 அன்று, போருக்கான நிதி மசோதாவோடு படைகள் திரும்பும் கால அட்டவணையும் செனட்டுக்கு வந்தது. 51க்கு 46 என்று நிறைவேறியது. ஆதரித்தவர்களில் ஹிலாரி கிளின்டன் இருந்தார், ஒபாமா இருந்தார், குடியரசுக் கட்சியிலிருந்து இரண்டு பேரும் இருந்தார்கள். லீபர்மன் எதிர்த்து வாக்களித்தார். மே 1 அன்று புஷ் தன் ரத்து அதிகாரத்தால் அதை நிராகரித்தார். 2003இல் அதே மே 1 அன்றுதான் போர்க்கப்பலின் மேல் நின்று பெரும் சண்டை முடிந்துவிட்டதாக அவர் அறிவித்திருந்தார்.

2002 வாக்கெடுப்பில் கை உயர்த்திய ஹிலாரி கிளின்டன் 2008 ஜனவரியில் அயோவா மாநிலத்தின் பனியில் அதற்குப் பதில் சொல்ல வேண்டிவந்தது. அதை அடுத்த வாரம் பார்ப்போம்.